சுலோசனா கேட்ட கொடி

ஏப்ரல் 6, ஞாயிறு

பால்கனி வேலையை இன்று ஆரம்பித்துவிட்டேன். காரணம் வெயில். வேலூரில் ஏப்ரல் முதல் வாரமே மண்டையைப் பிளக்கிறது. எங்கள் பிளாட் இரண்டாவது மாடியில் மேற்குப் பார்த்தது, பகல் இரண்டு மணிக்கு மேல் ஹால் சுவரில் கை வைக்க முடியவில்லை. பால்கனியில் கொஞ்சம் பச்சை இருந்தால் உள்ளே சூடு குறையும். இது விஞ்ஞானம். சுலோசனா ஊரில் இல்லாததற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

அவள் பெங்களூரில் மகள் ஹேமா வீட்டில் இருக்கிறாள். பேத்தியைப் பார்த்துவிட்டுப் பத்து நாளில் வருவதாகத்தான் போனாள். இன்றோடு இருபத்தெட்டு நாள். நான் ஒன்றும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை, காலண்டர் அதுவாகக் கண்ணில் படுகிறது.

பால்கனி எட்டடிக்கு நாலடி. முப்பத்திநாலு வருஷம் நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராக இருந்தவன், அளவெடுக்காமல் ஆணி அடிக்க மாட்டேன். முதலில் வரைபடம் போட்டேன். இப்போது அங்கே இருப்பவை: என் பழைய வரைபடச் சுருள்கள், ஒன்பது கட்டு நியூஸ் பேப்பர், ஓடாத ஏர்கூலர், ஓடின காலத்து மொபெட்டின் சீட். எல்லாம் என்றைக்காவது உதவும் என்று நான்தான் வைத்தேன். மொத்தச் செலவு இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்று முடிவு. பென்ஷன்காரன் அம்பானி வேஷம் போட முடியாது.

ஏப்ரல் 7

பழைய பேப்பர்காரர் மூன்று தடவை ஏறி இறங்கினார். பால்கனிக்குத் தரை இருக்கிறது. பச்சை மொசைக். மறந்தே போய்விட்டேன்.

ஏப்ரல் 9

என்ன செடி வைப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. போகிற அன்று காட்பாடி ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ஜன்னல் வழியாகச் சுலோசனா சொன்னாள்: "ரெண்டு வருஷமா அந்த பால்கனில ஒரே ஒரு கொடி கேட்டேன். அதுக்குக்கூட எனக்கு குடுப்பினை இல்ல." நான் பதில் சொல்வதற்குள் பெட்டி தாண்டிவிட்டது.

கொடிதானே! முன்பு வாடகைக்கு இருந்த வீட்டில் கேட் மேல் முல்லைக்கொடி படர்ந்திருந்தது, தினம் பறித்துத் தொடுத்து வைத்துக்கொள்வாள். ரிட்டையர் ஆகி இந்த பிளாட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த ஏக்கம்தான். வாயைத் திறந்து முல்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வாங்கிப் போட்டிருப்பேன். நர்சரியில் முல்லை ஒன்று, நீலச் சங்குப்பூ ஒன்று, ஆக இரண்டு கொடி எடுத்து வந்தேன்.

மாடிப்படியில் மெஹருன்னிசா பிடித்துக்கொண்டாள். எதிர் பிளாட், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வாய் மட்டும் வக்கீல் வாய். "என்னா சார், அக்கா இல்லாத நேரத்துல தோட்டம் போடறீங்க? அக்கா வந்தா வீடு மாறி வந்துட்டோம்னு திரும்பிப் போயிடப் போறாங்க" என்றாள். வெயிலுக்காக என்று விளக்கினேன். நம்பின மாதிரி தலையை ஆட்டினாள்.

ஏப்ரல் 13

ஹேமா போன் செய்தாள். ஜூன் மாதம் அவளுக்குப் பிரசவ லீவு முடிகிறது, ஆபீஸ் போக வேண்டும். "அம்மா இங்கயே இருந்துடட்டுமேப்பா. குழந்தைய கிரெச்சுல விட மனசு வரல. நீங்களும் வந்துடுங்க."

நான் மகள் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் இல்லை. அதைச் சொன்னேன். பிறகு, "உங்கம்மா என்னா சொல்றா?" என்று கேட்டேன்.

"மே மாசக் கடைசில முடிவு சொல்றேங்கறாங்க. அங்க மூச்சு முட்டுதுன்றாங்கப்பா."

"வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றேன். ஹேமா, வெயில் இல்லப்பா என்று மட்டும் சொன்னாள்.

அதன்பின் செடி வைக்கிற பெயின்ட் டப்பாக்களுக்கு மஞ்சள் அடித்தேன். கீழ் வீட்டில் வெள்ளையடித்தபோது மிஞ்சிய டப்பாக்கள், காசு கிடையாது. ஏழு டப்பாவும் ஒரே மூச்சில் முடிந்தது. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான்.

ஏப்ரல் 14

புது வருஷம். வேப்பம்பூ கீழே மரத்திலேயே கிடைத்தது. மாங்காய் வாங்கினேன். வெல்லம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. பன்னிரண்டு டப்பா திறந்து பார்த்தேன். போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஓட்டலில் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 19

பழைய சாமான் கடையில் ஒரு பிரம்பு நாற்காலி. பிரம்பு பிய்ந்து கிடந்ததால் கேட்ட விலையில் பாதிக்குத் தந்தான். நைலான் நாடா வாங்கி நானே பின்னினேன். இரண்டு நாள், நாலு விரல் கொப்புளம். மெஹருன்னிசா தேநீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

உயரம் சரியில்லை என்று நாலு காலிலும் இரண்டு அங்குலம் அறுத்தேன். "சார், நீங்களே ஆறடி ஆளு. இதுல உக்காந்தா முட்டி வந்து மூக்குல இடிக்கும். யாருக்கு சார் இது?" என்று கேட்டாள்.

எனக்குத்தான் என்றேன். உட்கார்ந்தும் காட்டினேன். எழுந்திருக்கத்தான் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

சங்குப்பூ கிடுகிடுவென்று ஏறுகிறது. ஒரு நாளைக்கு நாலு விரல். முல்லை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் அதனிடம்தான் முதல் பேச்சு, வேறு யாரிடம் பேசுவது.

துணி துவைப்பதுதான் பெரிய ரோதனை. மெஷின் துவைத்துவிடுகிறது, சரி, எங்கே உலர்த்துவது? நாற்காலி முதுகு, கதவு, பேன் ரெகுலேட்டர் எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தாயிற்று, சட்டையெல்லாம் ஒரு வாடை. இன்று வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். லிப்ட் இல்லாத கட்டடம். மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன், முட்டி கழன்றுவிட்டது. சுலோசனா இதைத் தினம் எப்படிச் செய்தாள் என்று யோசித்தேன். அவளுக்குப் பழக்கம்.

அவளுக்கும் முட்டி வலிதான். அலமாரியில் பாதி தீர்ந்த தைலம் மூன்று பாட்டில் இருக்கிறது. அதில் ஒன்றைத் தேய்த்துக்கொண்டேன்.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். பால்கனி தயார். ஓரத்தில் வெட்டிவேர் தட்டி தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தால், ஆகா, ஹால் முழுக்க வாசனை. மஞ்சள் டப்பாக்களில் துளசி, புதினா, டேபிள் ரோஜா. பால்கனிச் சுவர் மேலுள்ள கம்பியெல்லாம் சங்குப்பூக் கொடி, இன்று முதல் பூ மூன்று. இரண்டாயிரத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம்கூட இருக்கிறது. இந்தக் கட்டடத்தில் இப்படி ஒரு பால்கனி கிடையாது, அடித்துச் சொல்வேன்.

பேத்தியைப் பார்க்கிற சாக்கில் வீடியோ கால் போட்டேன். சுலோசனாதான் எடுத்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் போனைப் பால்கனிப் பக்கம் திருப்பினேன்.

"என்னாங்க இது? யார் வீடு?"

"நம்ம வீடுதான். நீ கேட்டியே கொடி. ஒண்ணுக்கு ரெண்டா வெச்சிருக்கேன்."

"நான் எப்ப கேட்டேன்?"

"ஸ்டேஷன்ல. ரெண்டு வருஷமா ஒரு கொடி கேக்கறேன்னு சொன்னியே."

போனில் ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், ஹேமா என்னவோ ஏதோ என்று ஓடி வருகிறாள், குழந்தையும் பாட்டியைப் பார்த்துச் சிரிக்கிறது. நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமலே.

"ஐயோ கடவுளே! நான் கேட்டது துணி காயப்போடற கொடிங்க! ஒரு கயிறு, ரெண்டு ஆணி. அவ்ளோதான்."

சிரிப்பு அப்படியே நின்றது. சுலோசனா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா ஈரத்துணிய தூக்கினு மொட்ட மாடி ஏறினேன். மழை நாள்ல வீட்டுக்குள்ள போட்டா, வீடா லாண்டரியான்னு கத்துவீங்க. பால்கனில காலு வெக்க எடமில்ல. ஒரு கயிறு கட்டுங்கன்னா, பாக்கலாம் பாக்கலாம்னு பேப்பர விட்டு தலைய தூக்க மாட்டீங்க."

போனை மறுபடி பூப்பக்கம் திருப்பினேன்.

"பூ நல்லா இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மே 5

வெட்கமாக இருக்கிறது. வேறு மாதிரி எழுத முடியாது.

மே 6

காலையிலேயே கடைக்குப் போய் நைலான் கயிறும் கொக்கியும் வாங்கினேன். சுவரில் துளை போட மெஹருன்னிசா வீட்டில் டிரில் மெஷின் கேட்கப் போனேன். எதற்கு என்றாள். கொடி கட்ட என்றேன், துணிக்கொடி என்று தெளிவாகவே சொன்னேன். இனிமேல் இந்த வார்த்தையை மொட்டையாகச் சொல்வதாக இல்லை.

மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு தராமல் நின்றாள். "ரோட்டுப் பக்க பால்கனில துணி காயப்போடக் கூடாதுன்னு ரூல் இருக்கே சார். படிக்கட்டுக்கிட்ட போர்டே மாட்டியிருக்கு. யார் போட்ட ரூலுன்னு ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. கட்டடத்துச் சங்கத்துக்கு முதல் வருஷம் நான்தான் தலைவர். "கட்டடத்தின் முகப்புத் தோற்றம் கெடாதிருக்கும் பொருட்டு" என்று ஆரம்பிக்கும் அந்த வாசகம் என்னுடையது. போர்டில் உள்ள எழுத்தும் என்னுடையது, அழகாகவே எழுதியிருக்கிறேன்.

"பன்னெண்டு வீட்டு பொம்பளைங்களும் வாளி தூக்கினு மேல ஏறும்போது ஒரு பேரச் சொல்லித் திட்டுவோம் சார். அக்கா மட்டும் திட்ட மாட்டாங்க. கூட வருவாங்க, சும்மா கேட்டுக்குவாங்க."

டிரில் மெஷினைக் கொடுத்தாள். நான் வாங்கவில்லை. விதி இருக்கும்வரை ஆணி அடிக்க முடியாது, நானே போட்டது.

மே 8

சங்கச் செயலாளர் பரசுராமனைப் பார்த்தேன். அந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்றேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "சார், அந்த ரூலுக்கு எதிரா மூணு பேர் பேசினாங்க. மூணு பேரையும் உக்காருன்னு உக்கார வெச்சது நீங்க."

பதினெட்டாம் தேதி பொதுக்கூட்டம். அதில் பேசிக்கொள்ளச் சொன்னார்.

மே 13

முல்லையில் மொட்டு. யாரிடமும் சொல்லவில்லை. ஹேமா போன் செய்தபோது குழந்தை நலமா என்று கேட்டேன். அம்மா பேசறாங்களா என்று கேட்க வாயெடுத்து, அங்கே வெயில் எப்படி என்று கேட்டுவிட்டேன்.

மே 18, ஞாயிறு

கூட்டம் கார் நிறுத்துகிற இடத்தில். நான் வரைபடத்தோடு போனேன். பால்கனித் தடுப்புச் சுவருக்கு உள்பக்கம், சுவரின் உயரத்துக்கு ஒரு சாண் கீழே கயிறு கட்டினால் ரோட்டிலிருந்து ஒரு கைக்குட்டைகூடத் தெரியாது. சேலையை நாலாக மடித்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அளவோடு காட்டினேன்.

முதல் மாடிக்காரர் ஒருவர் எழுந்து, "இவ்ளோ சுலபமான விஷயம்னா, அன்னைக்கு ஏன் சார் ரூல் போட்டீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விளக்கம் எழுதித்தான் கொண்டு போயிருந்தேன், முகப்பு, காற்றோட்டம், இன்னும் என்னென்னவோ. வாயில் வந்தது வேறு.

"அன்னைக்கு துணிய நான் துவைக்கல" என்றேன்.

பின் வரிசையில் யாரோ ஒரு அம்மாள் கை தட்டினாள், அப்புறம் எல்லோருமே. மெஹருன்னிசா விசில் அடித்தாள், டீச்சர் செய்கிற காரியமா அது. தீர்மானம் நிறைவேறியது. போர்டை நானே கழற்றி எடுத்து வந்தேன்.

இதைச் சுலோசனாவிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால் தயவு கேட்கிற மாதிரி இருக்கும்.

மே 20

இரண்டு கயிறு கட்டினேன். கொடிகளுக்கு இடம் மாற்றல்: முல்லை மூலைக்கு, சங்குப்பூ ஜன்னல் கம்பிக்கு. சங்குப்பூவை அவிழ்க்கும்போது இரண்டு கிளை முறிந்தது, மனசு என்னவோ செய்தது. முதலில் என் வேட்டி, இரண்டு பனியன். அரை மணியில் காய்ந்து மொறமொறவென்று ஆகிவிட்டது. இதற்காகவா இரண்டு வருஷம்! என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

மே 22

ஹேமாவிடமிருந்து செய்தி. ஞாயிற்றுக்கிழமை அம்மா வருகிறாள். மிச்சத் துணிமணியையும் பாங்கு பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு ஒன்றாம் தேதி திரும்ப டிக்கெட்.

சரி என்று பதில் போட்டேன்.

மே 25, ஞாயிறு

ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன், ஆட்டோ கிடைக்காமல் போய்விடுமோ என்று. கொஞ்சம் இளைத்திருக்கிறாள். "நீங்க கறுத்துட்டீங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக்கூட வைக்காமல் பால்கனிக்குப் போனாள். கயிற்றை ஒரு இழு இழுத்துப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவளுக்குக் கால் தரையில் எட்டாது, தொங்கும். இதில் எட்டியது. குனிந்து நாற்காலிக் காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மெஹருன்னிசா வந்து கூட்டத்தில் நடந்ததை ஒன்று விடாமல் நடித்தே காட்டினாள். என் குரல் அப்படி இருக்காது.

மே 27

அவள் உட்கார்ந்திருக்க, நான் துணி உலர்த்தினேன். "சட்டைய தலகீழா போடுங்க. காலர் கிட்ட கிளிப் போடாதீங்க. உதறுங்க, இன்னும் உதறுங்க, கைல பலமே இல்லியா?" ஒரு வாளித் துணிக்கு இருபது குறை. நான் சமையலறை வாசலில் நின்று உப்பு, புளி, தீ என்று சொல்வது இப்படித்தான் இருந்திருக்குமோ என்று கேட்டேன்.

"நீங்க சொல்றதுல பாதிதான் நான் சொன்னேன்" என்றாள்.

அவள் பெட்டி இன்னும் ஹாலில், திறந்தபடி. தினம் ஒன்றிரண்டு சேலை அதற்குள் போகிறது. அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

மே 29

ஒன்றாம் தேதி நெருங்குகிறது. இன்று காலை துணி எடுக்கும்போது நானே தெளிவாகப் பேசி முடித்துவிட்டேன். "உன் இஷ்டம். போறதுன்னா தாராளமா போ, எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல" என்று சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். நாற்பத்தொரு டிகிரி.

மே 30

இதை எழுதுவது சுலோசனா. இவர் பால் வாங்கப் போயிருக்கிறார். டைரி டேபிள் மேல் திறந்தே கிடந்தது, முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மற்றவர் டைரியைப் படிப்பது தப்பு என்று தெரியும். சமையலறைக்குள் வந்து குழம்பை ருசி பார்ப்பவரின் டைரியை நான் படித்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும், நேற்று எழுதியிருப்பதை மட்டும் திருத்துகிறேன். "உன் இஷ்டம்" என்று ஆரம்பித்தது உண்மை. தாராளமா போ என்று சொல்லவே இல்லை. காய்ந்த துண்டையே உதறு உதறு என்று உதறிக்கொண்டிருந்தார். அப்புறம் "போகாத சுலோ" என்றார். மூன்று தடவை சொன்னார், மூன்றாவது தடவை அழுதுகொண்டே.

இத்தனை வருஷத்தில் இவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கொண்டா, எடு, வை, போ, இதுதான் தெரியும். "இதுவும் ஆர்டர் போடற மாதிரியே இருக்கு. கேக்கணும்னா கேளுங்க" என்றேன். துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இங்கயே இருக்கியா?" என்று கேட்டார். எங்கள் கல்யாணத்தில்கூட என்னிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லை. அவர் முன்னால் நானும் அழக் கூடாது என்றுதான், யோசித்துச் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

இன்று காலை ஹேமாவிடம் பேசினேன். கிரெச் அவள் ஆபீஸ் கட்டடத்திலேயே இருக்கிறதாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெள்ளிக்கிழமை கிளம்பி நாங்கள் இரண்டு பேரும் போய்க் குழந்தையோடு இருப்போம். மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்கிறவர் நின்றுகொண்டே சாப்பிடட்டும். சமையலறைக்குள் வந்தால் கையில் கத்தியும் வெங்காயமும் இருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும்.

நேரில் சொன்னால் மறுபடி அழுவார், அக்கம்பக்கத்தில் மெஹரு கேட்டாள் என்றால் அதையும் நடித்துக் காட்டுவாள். சாயங்காலம் எழுத உட்காரும்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

இருக்கேன்.